குரங்குக்கு வகிடு எடுத்த காத்தாயி

குரங்கின் தலையில் வகிடு விழாத அந்தக் காலத்தில் ஆடும் பேசும், காக்காயும் பேசும். பேசித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை, எதிர்த்தும் பேசும். குரங்குகள் மட்டும் தரைப் பக்கமே வந்ததில்லை. ஏழுகல் கரடு என்ற குன்றின் ஓரமாக நின்ற மருத மரங்களின் உச்சியில் பிறந்து, உச்சியிலேயே தின்று, உச்சியிலேயே தூங்கின. அவற்றின் தலைமுடி நெற்றி வழியாக இறங்கி, கண்ணை மூடி, தாடைவரை தொங்கும். கிளை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் தாவும். கீழே இருந்த மனிதர்களுக்குக் குரங்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இலை அசைந்தால் காற்று என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கரட்டின் அடியில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாயழகு ஆடு மேய்க்க மலைமேல் ஏறினால் மாதம் ஒருமுறைதான் இறங்குவான். வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறுநாள் ஏறிவிடுவான். கொஞ்சுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் கொஞ்சலாம். மிச்ச நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் காத்தாயி. மூத்தவள் குஞ்சரத்துக்கு வயது பத்து, வாய்க்கு இருபது. அடுத்தவன் தவசிக்கு எட்டு. அக்கா ஒன்று சொன்னால் அதை ஒன்பதாக்கிக் கொடுப்பான். கடைக்குட்டி வீரிக்கு இப்போதுதான் ஆறு. அவள் அதிகம் பேசமாட்டாள். அக்காவும் அண்ணனும் சொல்வதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டு, ஒன்று விடாமல் நம்பிக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டுக்குள் மரத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது ஒரு கருப்பட்டிப் பானையால்தான்.

தினை கதிர் வாங்கும் சமயம். ஒரு நாள் காலையில் காத்தாயி கருப்பட்டிப் பானையைத் திறந்தாள். உள்ளே இரண்டு எறும்புகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற வெள்ளாட்டை முறைத்தாள்.

"என்னைய ஏன் பார்க்குற?" என்றது வெள்ளாடு. "நான் தின்னிருந்தா பானையும் இருந்திருக்காது."

அது நியாயம்தான். காத்தாயி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "யாரு தின்னது?"

"நாங்க இல்ல ஆத்தா," என்றாள் குஞ்சரம். உதட்டோரத்தில் கருப்பட்டி ஒட்டியிருந்தது. "மரத்துப் பிள்ளைங்க வந்துட்டுப் போனாங்க."

"அது எந்த மரத்துப் பிள்ளைங்க?"

"மரத்துலயே இருக்குற பிள்ளைங்க. அவங்களுக்கு வீடு வாசல் கிடையாது. கால் வெரலால பழம் உரிப்பாங்க."

"பல்லெல்லாம் பச்சையா இருக்கும்," என்றான் தவசி. "தூங்கும்போது தலைமுடியாலயே கிளையில கட்டிக்கிருவாங்க. அவங்க ராசாவுக்கு ஏழு வயசுதான் ஆத்தா. நான் பார்த்திருக்கேன்."

காத்தாயி விளக்குமாற்றைத் தேடினாள். அதைக் காணோம். அதையும் மரத்துப் பிள்ளைகள்தான் கொண்டுபோனார்களாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மோர்ச்சட்டி உடைந்தால் மரத்துப் பிள்ளைகள். விறகு பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்து நின்றால், கட்டி வைத்த விறகை மரத்துப் பிள்ளைகள் பறித்துக்கொண்டார்கள். தினைக்காட்டில் பரண்மேல் காவலுக்கு உட்கார வைத்தால், மைனாக்கூட்டம் அரைக்காட்டைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டுப் போகும். கேட்டால், மரத்துப் பிள்ளைகள் சண்டைக்குக் கூப்பிட்டார்கள், போய்த்தான் ஆகவேண்டியிருந்தது என்று கதை வரும். அந்தச் சண்டையில் யார் யாரை எங்கே கடித்தார்கள் என்பதுவரை தவசி விவரமாகச் சொல்லுவான். காத்தாயி திட்டினாள், கெஞ்சினாள், ஒரு வேளைக் கஞ்சியை நிறுத்திக்கூடப் பார்த்தாள். எதற்கும் மசிகிற பிள்ளைகளா அவை? ஒரு கட்டத்தில் அவளுக்கே கோபம் வற்றி அலுப்புத் தட்டிவிட்டது. "என் உசுர வாங்குறதுக்குன்னே பொறந்துருக்குதுங்க," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டாள். "ஏண்டி, அந்த மரத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆத்தான்னு ஒருத்தி இல்லையா? கண்டிக்க மாட்டாளா?"

"ஆத்தா கிடையாது," என்றாள் குஞ்சரம். "தலை வாரிவிடக்கூட ஆள் கிடையாது. குடுத்து வச்சவங்க."

குடுத்து வச்சவங்க. அந்தச் சொல் காத்தாயிக்குச் சுருக்கென்று தைத்தது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றாள். கொஞ்சம் அழக்கூடச் செய்தாள். பிறகு கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, உள்ளே போய்விட்டாள். இந்தப் பேச்சையெல்லாம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீரியை யாரும் கவனிக்கவில்லை.

குஞ்சரம் தலைவாரலைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாது. மூன்று பிள்ளைகளும் விடிந்ததும் ஓடையில் முங்கி எழுந்து வந்து, மூத்ததிலிருந்து இளையது வரைக்கும் வரிசையாக உட்கார வேண்டும். காத்தாயி பின்னால் உட்கார்ந்து, விளக்கெண்ணெய் வைத்து, பேன் பார்த்து, சிக்கெடுத்து, சீப்பின் நுனியால் நடுநெற்றியிலிருந்து நேராக வகிடு எடுப்பாள். அழாமல் உட்காருகிற பிள்ளைக்கு ஒரு துண்டு கருப்பட்டி. அதற்கென்று தனியாக முடிச்சில் கட்டி இடுப்பில் செருகி வைத்திருப்பாள். வீரிக்கு மட்டும் அந்தத் துண்டு ஒருநாளும் கிடைத்ததில்லை. சீப்பைப் பார்த்ததும் அவள் போடுகிற கூச்சல் மலைமேல் இருக்கிற அப்பனுக்கே கேட்கும்.

அந்த வருஷம் தினை அறுப்பு வந்தது. பத்து நாள் கதிர் அறுத்து, அந்தப் பத்து நாளும் கூடவே கதிர் அடித்து, தூசி விழுந்து காத்தாயியின் கண் இரண்டும் வீங்கிவிட்டன. தூக்கம் வேறு இல்லை. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை இன்னொரு ஆளாக இருந்தால் தலைவாரலை விட்டிருப்பாள். இவள் விடவில்லை. பத்து வருஷமாகத் தலை வாரிய கை, அதற்குக் கண் எதற்கு என்று நினைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே வாரினாள்.

குஞ்சரத்தின் தலை முடிந்தது. தவசியின் தலை முடிந்தது. இரண்டும் கருப்பட்டியை வாங்கிக்கொண்டு ஓடின. மூன்றாவது தலை தானாக வந்து மடிக்கு முன்னால் உட்கார்ந்தது. அழவில்லை. வீரி அழாமல் உட்கார்ந்தாள் என்றால் அப்போதே கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? காத்தாயி பார்க்கவில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

முடி என்றைக்கும் இல்லாத அடர்த்தியாக இருந்தது. அறுப்புத் தூசி என்று நினைத்து இரண்டு கை எண்ணெய் கூடுதலாக வைத்தாள். பிள்ளையின் கையும் முதுகும் சொரசொரவென்று இருந்தன. தினைத்தாள் ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டாள். பின்னால் நீளமாக ஏதோ கையில் இடறியது. பாவாடை நாடா அவிழ்ந்து தொங்குகிறது என்று அதை இழுத்து, இடுப்பைச் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டாள். அந்தப் பிள்ளை லேசாக முனகியது, அவ்வளவுதான். பிறகு கண்ணை மறைத்துத் தொங்கிய முடியையெல்லாம் மேலே வழித்து, நடுநெற்றியில் சீப்பு நுனியை வைத்து, உச்சிவரைக்கும் ஒரே இழுப்பில் வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் எண்ணெயால் படிய அழுத்தினாள். கைநிறைந்த வேலை. அவளுக்கே திருப்தியாக இருந்தது.

"என் தங்கம்," என்று சொல்லி இரண்டு துண்டு கருப்பட்டி கொடுத்தாள்.

பிள்ளை இரண்டையும் வாயில் போட்டுக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு மறுபடியும் கை நீட்டியது. மூன்றாவதையும் வாங்கி அதக்கியது. நாலாவதுக்குக் கை நீட்டியபோதுதான், இப்படியும் ஒரு பிள்ளை தின்னுமா என்று காத்தாயி அதன் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வீங்கின கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்.

அவளுடைய வீரியின் பாவாடை. உள்ளே இருந்தது வீரி இல்லை.

"யாரு பெத்த பிள்ளை நீ?" என்றாள் மெதுவாக.

"மரத்துப் பிள்ளை," என்றது அது, கருப்பட்டிக்கு நடுவிலிருந்து.

குஞ்சரமும் தவசியும் ஓடி வந்தார்கள். பார்த்ததும் தவசி அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். குஞ்சரத்துக்கு முகம் வெளிறிப் போனது. "பொய் ஆத்தா," என்றாள். "நம்பாதீங்க. மரத்துல பிள்ளைங்களே கிடையாது. நாங்க சும்மா அளந்துவிட்டது அது." தவசியும் பின்னால் இருந்து சத்தியம் செய்தான். ராசா இல்லையாம், சண்டை இல்லையாம், கருப்பட்டி மொத்தமும் தாங்கள் தின்றதாம். வாரக்கணக்காகக் காத்தாயி கேட்டுக் கேட்டுக் கிடைக்காத உண்மையெல்லாம் இப்போது கொட்டியது. மரத்துப் பிள்ளையோ அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து நாலாவது துண்டுக்கு அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

காத்தாயிக்கு இதில் எதுவும் காதில் ஏறவில்லை. "வீரி எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

"மேல," என்றது குட்டி. "தலை வாராத பிள்ளைங்க இங்கதான இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டே கொடியைப் பிடிச்சு ஏறி வந்துச்சு. எனக்கு முடி கண்ணை மறைக்குது, கிளை தெரியல, நேத்துக்கூட விழுந்தேன்னு சொன்னேன். அப்ப நீ போய் எங்க ஆத்தாகிட்ட உட்காரு, நான் இங்க இருந்துக்கிறேன்னு பாவாடையக் கழட்டிக் குடுத்துச்சு."

காத்தாயி குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். சீப்பு கொண்டையில் செருகினபடி இருந்தது. குஞ்சரமும் தவசியும் பின்னால் ஓடினார்கள். வேடிக்கை என்றால் விடாத வெள்ளாடும் கூடவே ஓடியது.

மருத மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பத்துப் பனை உயரத்தில், கைப் பருமன்கூட இல்லாத கிளையில் வீரி இருந்தாள். தலை மயிர் பிரிபிரியாகத் தொங்க, உடம்பில் மண் அப்பியிருந்தது. உடம்பெல்லாம் முடியான ஒரு பெரிய மந்தி அவளை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தது. மரம் நேராக நின்றது, கால் வைக்க ஒரு கணு இல்லை. பிள்ளை பிடித்து ஏறின கொடி இவள் கை வைத்ததும் அறுந்து விழுந்தது.

"எம் பிள்ளையக் குடு," என்று கத்தினாள்.

"யாரது கீழ?" என்றது மந்தி.

"நான் தரையில இருக்குறவ. உன் கையில இருக்குறது எம் பிள்ளை."

"தரையில ஆளே கிடையாது," என்றது மந்தி அலுத்துப்போன குரலில். "அதெல்லாம் எம் பிள்ளைங்க கட்டிவிட்ட கதை. தரையில பிள்ளைங்க இருக்காம், ரெண்டு காலால நடக்குமாம், அதுகளுக்கு வாலே கிடையாதாம். இங்க ஒரு அத்திப்பழம் காணாமப் போகக்கூடாது, தரைப் பிள்ளைங்க வந்து எடுத்துட்டுப் போச்சுன்னு ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. இப்பப் பெரியவளும் கிளம்பி வந்துட்டியா?"

வேறு நேரமாக இருந்தால் காத்தாயி அந்த மந்தியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இப்போது வீரிமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "உன் கையில இருக்குறதுக்கு வால் இருக்கா பாரு," என்றாள்.

"இல்லதான். காலையில கேட்டேன், கழட்டிக் கீழ குடுத்துட்டேன்னு சொல்லுச்சு. இதுங்க வாயில வர்றதை எல்லாம் நின்னு விசாரிக்க எனக்கு ஏது நேரம்?"

"வால் இல்லாத பிள்ளையக் காலையிலருந்து வச்சிருக்கியே, பெத்த பிள்ளை எது, அடுத்தவ பிள்ளை எதுன்னு ஒரு தாய்க்குத் தெரியாதா?"

மந்தி தன் முகத்தில் தொங்கிய முடியைத் தடவிக்கொண்டது. பிறகு கேட்டது. "எனக்குக் கண்ண முடி மறைச்சிருக்கு. ஒனக்கு எது மறைச்சுச்சு?"

பத்து நாள் தூசியைச் சொல்லலாம், தூக்கம் இல்லாததைச் சொல்லலாம், புருஷன் மலைமேல் இருப்பதைச் சொல்லலாம். அது எதுவும் பதில் ஆகாது. காத்தாயி இடுப்பிலிருந்த குட்டியை மரத்தில் விட்டாள். "ஏறு சாமி. உங்காத்தாகிட்டப் போய்ச் சொல்லு," என்றாள்.

குட்டி விறுவிறுவென்று ஏறியது. ஒரு கிளையைக்கூடத் தடவவில்லை. மந்தி அதன் தலையைத் தொட்டுப் பார்த்தது. முடி வழவழவென்று வழுக்கியது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டது. "இது என் பிள்ளை இல்ல. எண்ணெய் நாத்தம் குடலைப் புரட்டுது."

"நான்தான் ஆத்தா," என்றது குட்டி.

"என் பிள்ளை தலை எனக்குத் தெரியாதா? என் பிள்ளைய என்னமோ பண்ணிட்டீங்க. கையில இருக்குறதையாவது நான் விடமாட்டேன்." மந்தி வீரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் மேல் கிளைக்குத் தாவியது. தாவினபோது ஒரு கை கிளையைத் தவறவிட்டு, மறுபடி பிடித்தது. வீரி வீறிட்டாள். கீழே குஞ்சரம் முகத்தை மூடிக்கொண்டாள்.

காத்தாயியின் குரல் நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வாசலிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்தான் வந்தது. "இறங்கி வா. தலை வாரி விடுறேன். கண்ணு தெரிஞ்சதும் பாரு. உன் பிள்ளை இல்லைன்னு நீ சொன்னா எம் பிள்ளைய நீயே வச்சுக்க."

"ஆத்தா," என்றாள் குஞ்சரம் பதறிப்போய். காத்தாயி திரும்பவில்லை.

மந்தி யோசித்தது. பிறகு வீரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளை கிளையாகத் தடவி, அடிக்கிளைக்கு வந்தது. அந்தக் குட்டியைத் தவிர, அதற்குக் கீழே குரங்கு இனத்தில் யாரும் அதுவரை இறங்கியதில்லை. காத்தாயிக்கு எட்டவில்லை. வெள்ளாட்டைக் கூப்பிட்டு அதன் முதுகில் ஏறி நின்றாள். "இதுக்குத்தான் என்னைய வளர்த்தியா?" என்று வெள்ளாடு கேட்டது. ஆனாலும் அசையாமல் நின்றது.

கொண்டையிலிருந்து சீப்பை எடுத்தாள். கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தடவி, பிறந்ததிலிருந்து சீப்பே படாத முடியைச் சிக்கெடுத்தாள். இந்தமுறை கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள். வலித்திருக்கும். மந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் வீரியை விடாமல் பிடித்திருந்தது. நெற்றியிலிருந்து உச்சிவரைக்கும் வகிடு எடுத்து, இருபுறமும் முடியை ஒதுக்கினதும், மந்தி கண்ணைக் கொட்டிக் கொட்டி முழித்தது. வெளிச்சம் கூசியது. பிறகு எதிரே உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தது.

தொட்டுப் பார்க்கவில்லை, முகரவும் இல்லை. வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது.

"உன் கண்ணு உங்கப்பனாட்டம் இருக்குமோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்," என்றது கடைசியில். "என்னையாட்டம்ல இருக்கு."

குட்டியை வாரி எடுத்துக்கொள்ள அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வீரியைக் குனிந்து காத்தாயியிடம் கொடுத்தது.

காத்தாயி ஆட்டின் முதுகிலிருந்து இறங்கிப் பிள்ளையைத் தரையில் நிறுத்தினாள். அடிப்பதற்குக் கை ஓங்கினாள். முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி முடி தொங்கியது. தாடையைப் பிடித்து நிமிர்த்தி முடியை விலக்கினாள். வீரியின் வாயில், முன்னால், ஒரு பல்லைக் காணோம்.

"பல்லு எப்ப விழுந்துச்சு?"

"அறுப்பு ஆரம்பிச்ச அன்னைக்கு," என்றாள் வீரி.

பத்து நாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்த பிள்ளை. "கூரை மேல எறியணுமே," என்றாள் காத்தாயி.

"நானே எறிஞ்சிட்டேன் ஆத்தா. நீங்க கதிர் அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

ஓங்கின கை ஓங்கினபடி நின்று, பிறகு பிள்ளையின் தலைமேல் இறங்கியது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, தன் முந்தானையை அவளுக்குச் சுற்றிவிட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வீரிக்குத் தலை வாரினாள். வீரி வழக்கம்போலக் கூச்சல் போட்டாள். காத்தாயிக்கு அந்தக் கூச்சல் இனித்தது. குஞ்சரம் இனிமேல் பொய்யே சொல்வதில்லை என்று அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் மறு வெள்ளிவரைக்கும் நின்றது.

அதோடு விட்டதா தொல்லை? வீரியின் தலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால், மரம் முழுக்க இருந்த குரங்குகள் அடிக்கிளையில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. மூத்ததிலிருந்து இளையது வரைக்கும். "நல்லா மாட்டிக்கிட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் காத்தாயி. பொழுது சாய்கிற வரைக்கும் வாரினாள். வெள்ளாடு நாலு முறை இடம் மாறி நின்றது. கடைசித் தலைக்குச் சீப்பில் பல்லே இல்லை. மிச்சத்தை நீங்களே விரலால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பேன் பார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்து பார்த்தால் இடுப்பு முடிச்சில் கருப்பட்டி இல்லை. தரைக்கு வழி தெரிந்துகொண்ட குட்டி, அதன் ருசியை இனத்துக்கே சொல்லியிருந்தது.

அன்றைக்கு விழுந்த வகிடுதான் இன்றும் குரங்கின் தலையில் கலையாமல் இருக்கிறது. கன்னத்தில் அதக்கிக்கொள்வதும், ஒன்றன் பின்னால் ஒன்று உட்கார்ந்து பேன் பார்ப்பதும் அன்று படிந்த பழக்கம். பானை காலியானால் பிள்ளையை அடிக்கும் முன்பு தாய்மார்கள் குரங்கு இருக்கிறதா என்று கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துக்கொள்வதும் அப்போது தொடங்கியதுதான். அன்று முதல் எந்தத் தாயும், எத்தனை வேலை கிடந்தாலும், சீப்பைக் கையில் எடுத்ததும் முதலில் இடது கையால் பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் வகிடு எடுக்கிறாள்.